இறுதிக் கட்ட நோயாளிகளின் உரிமை கைக்கு எட்டட்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறையின் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

அரசு மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், இப்போது வலி தணிப்புச் சிகிச்சைக் குழு ஒன்றுடன் வீடு வீடாகச் சென்று, குணமாக வாய்ப்பில்லாத நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். நோயின் இறுதிக் கட்டத்தில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும், பயனற்றுப்போன உயிர்காப்புச் சிகிச்சையை உரிய முறைப்படி நிறுத்தலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. அந்தத் தீர்ப்பு ஒரு சாதாரணக் குடும்பத்துக்குப் பயன்பட வேண்டுமானால் மாநில அரசு செய்து தர வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இந்த மடலை எழுதுகிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் வாசலில் அன்றாடம் நடப்பதை முதலில் சொல்ல வேண்டும். வெண்டிலேட்டரில் பல நாட்களாகக் கிடக்கும் நோயாளி இனி மீளப் போவதில்லை என்பது மருத்துவருக்குத் தெரியும், செவிலியர்களுக்கும் தெரியும், பெரும்பாலும் குடும்பத்துக்கும் தெரிந்திருக்கும். ஆனால் குழாயை எடுத்தால் நாளை வழக்கு வருமோ, உறவினர் யாராவது கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வருவார்களோ என்ற அச்சத்தில் மருத்துவர் எதையும் முடிவாகச் சொல்வதில்லை. தனியார் மருத்துவமனையானால் நாளொன்றுக்கு ஏறும் கட்டணத்துக்குத் தாலிச்சங்கிலி வரை அடகுக்குப் போகிறது. கடைசியில் யாரோ ஒருவர், "நாங்களே கூட்டிட்டுப் போறோம்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்கிறார். மருத்துவ ஆலோசனைக்கு மாறாக நோயாளியை அழைத்துச் செல்வதாகக் கேஸ் ஷீட்டில் மகனிடம் கையெழுத்து வாங்கப்படுகிறது. ஆம்புலன்சில் அந்த மகனே, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் 'அம்பு' பையை அழுத்திக்கொண்டு போகிறான். எவ்வளவு வேகமாக அழுத்துவது, எப்போது விடுவது என்று அவனுக்கு யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. வீட்டுத் திண்ணையில் இறக்கியதும் குழாய் எடுக்கப்படுகிறது. மூச்சுத் திணறலைத் தணிக்க ஒரு மில்லி மார்ஃபின்கூட அந்த வீட்டில் இருக்காது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் நோயாளிகளும் உண்டு. பல மணி நேரம் திணறிக் கிடப்பவர்களும் உண்டு. "நானே அப்பாவைக் கொன்னுட்டேனா சிஸ்டர்?" என்று காரியம் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகும் என்னிடம் கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவது நம் மாநிலத்தில் நடக்காத ஒன்றல்ல. மருத்துவக் குழுவின் ஆய்வும் எழுத்துப் பதிவும் வலி நிவாரணமும் இல்லாமல், பழி முழுவதையும் குடும்பத்தின் தலையில் சுமத்தி, அது தினந்தோறும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே சட்டப்படி நிறுத்துவதற்கான வழியைத் திறந்துவிட்டால் மரணங்கள் பெருகிவிடும் என்று அஞ்சுவோர், வழி திறக்காததால் இன்று என்ன நேர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வரலாறு துறையினர் அறிந்ததே. ஆனாலும் ஒரு செவிலியரின் பெயரை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1973 நவம்பரில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில், தான் பணிபுரிந்த இடத்திலேயே கொடூரமான பாலியல் தாக்குதலுக்கு உள்ளான அருணா ஷான்பாக், 2015 மே மாதம் நிமோனியாவால் இறக்கும் வரை நாற்பத்தொரு ஆண்டுகளுக்கும் மேலாக அதே மருத்துவமனையில் நினைவு திரும்பாமல் கிடந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த அனுமதி கேட்டு எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7 அன்று தீர்ப்பளித்தது. அவரைத் தங்களில் ஒருவராகப் பார்த்துக்கொண்ட கே.இ.எம். செவிலியர்கள் அவர் வாழ வேண்டும் என்றே கேட்டார்கள். அத்தனை ஆண்டுகளில் அவருக்கு ஒரு படுக்கைப் புண்கூட வந்ததில்லை. அதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது புரட்டிப் படுக்க வைத்துப் பழகிய கைகளுக்குத்தான் தெரியும். நீதிமன்றம் அவர் விஷயத்தில் அனுமதி தரவில்லை. ஆனால் தக்க நேர்வுகளில் உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற பொதுவழியை முதன்முறையாக வகுத்தது. அதன்பின் 'காமன் காஸ்' என்ற பொதுநல அமைப்பு 2005இல் தொடுத்திருந்த வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2018 மார்ச் 9 அன்று, கண்ணியத்துடன் இறப்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று அறிவித்து, சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணமான வாழும் உயிலுக்கும் சட்ட ஏற்பு வழங்கியது.

2018இல் வகுக்கப்பட்ட நடைமுறை, குற்றவியல் நடுவரின் கையொப்பம் முதல் பல படிகளைக் கொண்டிருந்ததால் யாரும் பின்பற்ற முடியாததாக இருந்தது. மருத்துவர்களின் கோரிக்கையை ஏற்று 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றமே அதை எளிதாக்கியது. இப்போது வாழும் உயிலில் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அலுவலர் ஒருவரிடம் சான்றொப்பம் பெற்றால் போதும். எழுதியவர் நோயிலிருந்து மீள முடியாத நிலை வரும்போது, சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள வல்லுநர் இருவரும் கொண்ட முதல்நிலைக் குழுவை மருத்துவமனை அமைக்க வேண்டும். அவர்களின் முடிவை இரண்டாம் நிலைக் குழு ஒன்று சரிபார்க்கும். ஒவ்வொரு குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். உயில் எழுதாமலே நினைவிழந்துவிட்டவர்களுக்கும் குடும்பத்தினரின் சம்மதத்தோடு இதே வழி உண்டு. முடிவைச் செயல்படுத்துமுன் நடுவருக்குத் தகவல் தெரிவித்தால் போதும். குழுக்கள் மறுத்தால் உயர் நீதிமன்றம் செல்லலாம்.

காகிதத்தில் இது சீரான ஏற்பாடுதான். ஆனால் இரண்டு இடங்களில் அரசின் கை இல்லாமல் இது நகராது.

முதலாவது, இரண்டாம் நிலைக் குழுவில் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் ஒருவர் இடம்பெற வேண்டும் என்கிறது தீர்ப்பு. தமிழ்நாட்டின் மாவட்டங்களில் நலப்பணிகள் இணை இயக்குநர் இருக்கிறார், மாவட்ட சுகாதார அலுவலர் இருக்கிறார், அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர் இருக்கிறார். இவர்களில் அந்தப் பொறுப்பு யாருக்கு என்பதை எல்லா மருத்துவமனைகளுக்கும் ஐயமற எழுதித் தர வேண்டும். நள்ளிரவில் ஒரு குடும்பம் காத்திருக்கும்போது இந்தக் கோப்பு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அலையக் கூடாது. கர்நாடக அரசு 2025 ஜனவரி இறுதியில் வெளியிட்ட ஆணையில், மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே அங்கீகாரம் பெற்றிருக்கும் நரம்பியல், அறுவை, மயக்கவியல், தீவிர சிகிச்சை மருத்துவர்களையே இரண்டாம் நிலைக் குழுவுக்கு நியமிக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. தமிழ்நாட்டுக்கு இது இன்னும் எளிது. 2008ஆம் ஆண்டிலிருந்து மூளைச்சாவுச் சான்றளிப்புக்கு அரசாணைகள் பிறப்பித்து, மருத்துவர் குழுக்களைப் பயிற்றுவித்து, உறுப்பு தானத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023இல் அறிவித்ததும் இதே அரசு இயந்திரம்தான். மூளைச்சாவு அடைந்தவர் சட்டப்படி இறந்தவர். இறுதிக் கட்ட நோயாளியோ உயிருடன் இருப்பவர். இந்த இரண்டையும் ஒன்றெனக் குழப்புவது பெருந்தவறு, நான் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் மருத்துவர்கள் கூடி ஆராய்ந்து, பதிவு செய்து, குடும்பத்தை உட்கார வைத்துப் பேசி, சட்டத்துக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு முடிவை எடுக்கும் பழக்கம் நம் மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல என்று சொல்கிறேன்.

இரண்டாவது, வாழும் உயிலின் நகலை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அலுவலர் பெற்றுப் பாதுகாக்க வேண்டும் என்பது. எங்கள் பராமரிப்பில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மோட்டார் நியூரான் நோய். கைகால்கள் செயலிழந்துவிட்டன, பேச்சு குழறுகிறது, அறிவும் நினைவும் துல்லியமாக இருக்கின்றன. தொண்டையில் துளையிட்டுச் செயற்கைச் சுவாசம் தர வேண்டாம் என்று முறைப்படி எழுதி, நோட்டரியை வீட்டுக்கே அழைத்துச் சான்றொப்பமும் பெற்றார். அந்த ஆவணத்தை எடுத்துக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போன அவருடைய மகளிடம், "சொத்து உயிலா? அதுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் போகணும்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த எழுத்தரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சுற்றறிக்கை காட்டவில்லை. மகாராஷ்டிரத்தில் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகு உள்ளாட்சிகளில் இதற்கான அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். நம் மாநிலத்தில் ஒருவர் வழக்குப் போட்டுத்தான் இது நடக்க வேண்டும் என்ற நிலை வரக் கூடாது.

இனி, இந்த உரிமையை எதிர்ப்பவர்களின் அச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வெறும் மதநம்பிக்கையிலிருந்து மட்டும் பிறந்த அச்சமல்ல. நம் மண்ணிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. தென் மாவட்டங்கள் சிலவற்றில் படுக்கையில் விழுந்த முதியவர்களுக்கு அதிகாலையில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீரை அடுத்தடுத்துப் புகட்டி முடித்துவிடும் தலைக்கூத்தல் என்ற கொடுமை நடந்ததை நாம் அறிவோம். அங்கே சம்பந்தப்பட்டவரின் சம்மதம் கேட்கப்பட்டதில்லை. பார்த்துக்கொள்ள ஆளில்லை, வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது, பங்கு பிரிக்க வேண்டும் என்பவைதான் அந்த மரணங்களின் காரணங்கள். இறுதிக் கட்ட உரிமைகளைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசும் எவரும் இதைக் கணக்கில் எடுக்காமல் பேசக் கூடாது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்டதைச் சொல்லி, இது நமக்குப் பழைய பண்பாடுதானே என்று மேடைகளில் சிலர் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. மானத்தின் பொருட்டு ஓர் அரசன் எடுத்த முடிவையும், மருமகள் முகம் சுளிப்பாளே என்று தண்ணீர் கேட்கவும் கூசிக் கிடக்கும் ஒரு மூதாட்டியின் நிலையையும் ஒன்றாக வைக்க முடியாது.

"வீட்டுக்குப் பாரமா இருக்கேன், ஒரு ஊசியப் போட்டு முடிச்சு விட்டுரும்மா" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் உண்மையில் கேட்டது மரணத்தை அல்ல என்பதை இந்த வேலை எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது. கன்னத்தைத் துளைத்து வெளியே வந்துவிட்ட வாய்ப்புற்றுநோயோடு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் தனியே படுத்திருந்த ஒருவர் இப்படித்தான் கேட்டார். புண்ணிலிருந்து வந்த நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கமே வருவதில்லை. புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டினோம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மார்ஃபின் மாத்திரையும், அதனால் வரும் மலச்சிக்கலுக்கு மருந்தும் மருத்துவர் எழுதித் தந்தார். நாற்றம் தணிந்தது, தூக்கம் வந்தது, பேத்தி வாசற்படி வரை வந்தாள். அதன் பிறகு அவர் உயிரோடு இருந்த வாரங்களில் ஊசியைப் பற்றிப் பேசவில்லை; சவரம் செய்துவிட ஆள் கிடைக்குமா என்று கேட்டார்.

அதனால்தான், சாவதற்கு மருத்துவரே மருந்து தருவதைச் சட்டமாக்க வேண்டும் என்ற கோரிக்கையை நான் இன்று முன்வைக்கவில்லை. இந்தியாவில் அது குற்றம். தற்கொலைக்கு உடந்தையாக இருப்பதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1997 முதல், ஆறு மாதத்துக்குள் இறப்பு நேரும் என்று இரண்டு மருத்துவர்கள் உறுதி செய்த நோயாளி, மருத்துவர் எழுதித் தரும் மருந்தைத் தானே உட்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல் மருத்துவரே மருந்து செலுத்தவும் வழியுண்டு. கனடா 2016இல் இறப்பு நெருங்கியவர்களுக்கென்று தொடங்கியதை 2021இல் இறப்பு நெருங்காதவர்களுக்கும் விரிவாக்கியது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. வாழ்வதற்கு வேண்டிய உதவி கிடைக்காத ஒருவருக்குச் சாவதற்கு உதவி கிடைப்பது என்ன நீதி என்று அவர்கள் கேட்டதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையில் 2025 ஜூனில் இதற்கான மசோதா 314க்கு 291 என்ற வாக்குகளில்தான் நிறைவேறியது. இலவசப் பொது மருத்துவம் ஊன்றி நிற்கும் நாட்டிலேயே உறுப்பினர்கள் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி பிரிந்து நின்றார்கள். மார்ஃபின் கிடைக்காத ஊரில், கடன் ஏறிய வீட்டில் ஒருவர் சொல்லும் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று ஏற்க என்னால் முடியவில்லை.

ஆனால் மோட்டார் நியூரான் நோயுள்ள அந்த ஆசிரியர் ஒருநாள் என்னிடம் எழுத்துப் பலகையில் கண்ணசைவால் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டி, "மூச்சு முட்டும் வரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். அவருக்குக் கடன் இல்லை. மகள் அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறாள். வலியும் பெரிதாக இல்லை. மூச்சுத் திணறல் வரும்போது மார்ஃபினும் மயக்க மருந்தும் கொடுத்துத் திணறலை உணராமல் பார்த்துக்கொள்வோம் என்று உறுதி சொன்னேன். அவர் கேட்டது அதை மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். இப்படி ஒருவர் கேட்பதைப் பாவம் என்றோ கோழைத்தனம் என்றோ ஒதுக்குவதற்கு எவருக்கும் உரிமையில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தக் கேள்விக்கு நாடாளுமன்றம்தான் விடை காண வேண்டும். சட்ட ஆணையம் 2006இலும் 2012இலும் அறிக்கைகள் தந்தும், உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவது பற்றிக்கூட முழுமையான சட்டம் இயற்றப்படவில்லை; நீதிமன்றத்தின் நெறிமுறைகளே சட்டத்தின் இடத்தில் நின்றுகொண்டிருக்கின்றன. அந்த விவாதம் நேர்மையாக நடக்க வேண்டுமானால், அதற்கு முன் வலிக்கும் தனிமைக்கும் வறுமைக்கும் செய்யக்கூடியதையெல்லாம் செய்திருக்க வேண்டும்.

அதில் மாநில அரசின் பங்கு பெரிது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு ஆதரவுச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது மனமார வரவேற்கத் தக்கது. புரட்டிப் படுக்க வைப்பதையும், வடிகுழாய் மாற்றுவதையும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதையும் வீட்டுக்கே வந்து செய்யும் செவிலியரை எத்தனையோ குடும்பங்கள் தெய்வமாகப் பார்க்கின்றன. ஆனால் அந்தச் செவிலியரின் பைக்குப் பின்னால் மார்ஃபின் எழுதித் தரும் பயிற்சி பெற்ற மருத்துவரும், அதை இருப்பு வைத்திருக்கும் மருந்தகமும் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் கடுமையான வலிக்கு விடை கிடைக்கும். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, மார்ஃபின் உள்ளிட்ட இன்றியமையாத வலி மருந்துகளுக்குப் பல உரிமங்கள் வாங்கும் சிரமம் நீக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது அச்சமும் பழக்கமின்மையும்தான். கேரளம் 2008இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கென்றே கொள்கை வகுத்து, உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் வீட்டுப் பராமரிப்பைக் கொண்டுவந்தது. அதற்கு ஏற்ற கட்டமைப்பு நம்மிடமும் இருக்கிறது. இறந்தவரை மருத்துவமனையிலிருந்து வீடு சேர்க்க இலவச அமரர் ஊர்தி தரும் அரசு, இறக்கப் போகிறவர் வீடு திரும்பும்போது உடன் ஒரு செவிலியரையும் இரண்டு நாளுக்கான மருந்தையும் அனுப்ப முடியாதா?

ஆகவே துறையிடம் நான் வேண்டுவது இவை. இரண்டாம் நிலைக் குழுவுக்கான மருத்துவர்களின் பட்டியலை மாவட்டந்தோறும் முன்கூட்டியே வகுத்து, நியமிக்கும் அலுவலரின் பதவியைக் குறிப்பிட்டு, அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் ஒருசேரப் பொருந்தும் விரிவான அரசாணை ஒன்றை வெளியிடுங்கள். நகராட்சி நிர்வாகத் துறையோடும் ஊரக வளர்ச்சித் துறையோடும் பேசி, மாநகராட்சி முதல் ஊராட்சி வரை வாழும் உயிலைப் பெற்றுக்கொள்ளும் அலுவலரை அறிவித்து, பெற்றதற்கு ஒப்புகைச் சீட்டுத் தரச் செய்யுங்கள். உயிலின் மாதிரிப் படிவத்தைப் பேச்சுத் தமிழுக்கு நெருக்கமான எளிய தமிழில் அச்சிட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வையுங்கள். ஆனால் அதை நோயாளியிடம் பேசி விளக்கும்போது குடும்பத்தினர் யாரும் உடனில்லாத ஒரு சந்திப்பாவது நிகழ வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். தலைக்கூத்தல் நடந்த மண்ணில் இந்த ஒரு நிபந்தனையை நான் எதற்காகவும் விட்டுத்தர மாட்டேன். மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வீடு திரும்பும் இறுதிக் கட்ட நோயாளி ஒவ்வொருவரின் விவரமும் அன்றே அந்த வட்டாரத்தின் மக்களைத் தேடி மருத்துவக் குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். குழாய் எடுக்கப்படும் நேரத்தில் அந்த வீட்டில் மருந்தோடு ஒரு செவிலியர் இருக்க வேண்டும்.

அந்த ஆசிரியரின் ஆவணம் இப்போதும் அவருடைய மகளின் பீரோவில்தான் இருக்கிறது. அவரை அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் நிலை நேரும்போது பணியில் இருக்கும் மருத்துவர் அதை மதிப்பதற்கு என்ன ஆணையைக் காட்டச் சொல்ல வேண்டும் என்று அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள். உங்கள் துறையின் பதிலை அவளிடம் அப்படியே சேர்ப்பிக்கக் காத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்